பக்கத்தில் தெரிகிற இலக்கு: கல்லூரி முதலாண்டு எழுத்துப் பயிற்சி வகுப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

“மாணவர்கள் எழுத்தாற்றலின் சிறப்பை உணர்வர்.” முதலாண்டுப் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டங்களில் கட்டுரைப் பயிற்சி அலகின் தலையில் இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம். பருவம் முடிந்ததும் அறுபது பேரில் யார் உணர்ந்தார்கள், யார் உணரவில்லை என்று இந்த வரியை வைத்துக்கொண்டு ஒருவராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் யாரும் கேட்பதும் இல்லை. மாணவர் எழுதியதைத் திருத்துகிற ஆசிரியரும் பழக்கத்தின் பேரில் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். எழுத்துப் பயிற்சி வகுப்பின் கற்றல் இலக்கு என்பது மாணவர் எழுதிய பக்கத்திலேயே விரல் வைத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படி ஐந்து இலக்குகளை எழுதி, ஒரு பருவம் முழுக்க அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு நடத்தினால் வகுப்பு எப்படிப் போகும், எங்கே சிக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

களம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் முதலாண்டு வகுப்பு. இது எந்த ஒரு கல்லூரியின் பதிவும் அல்ல. இம்மாவட்ட வகுப்பறைகளில் வழக்கமாக நடப்பவற்றை ஒரே வகுப்பாகத் திரட்டி எழுதியது.

வகுப்பும் சூழலும்

1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை இம்மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம் என்ற அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. வணிகவியல், தாவரவியல், கணினி அறிவியல் என எந்தத் துறை மாணவரும் பகுதி ஒன்றுக்கு வந்து உட்கார வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் 75 செமஸ்டர் தேர்வுக்கு, 25 இன்டர்னலுக்கு. அந்த 25-லும் அசைன்மென்ட் என்ற பெயரில் எழுத்துக்குக் கிடைப்பது ஐந்தோ என்னவோதான். வாரத்தில் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென்று ஒதுக்கினால் பதினைந்து வாரத்தில் பதினைந்து மணி நேரம். இதற்குள்தான் எல்லாம் நடந்தாக வேண்டும்.

மாணவர்களின் மொழிப் பின்னணி ஒன்றுபோல இருக்காது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பேச்சு வேறு. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பேச்சு வேறு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த மண் என்பதால் மேற்கே போகப்போக மலையாளத்தின் சாயல் கூடும். வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், ஆங்கில வழியில் படித்துத் தமிழை ஒரு பாடமாக மட்டும் எழுதிப் பழகியவர்கள், கடற்கரை ஊர்களிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இதைக் குறையென்று நினைத்தால் வகுப்பு முதல் நாளே தோற்றுவிடும். யாருக்கு எழுதுகிறோம் என்ற உணர்வை வளர்க்க இதைவிட நல்ல கலவை கிடைக்காது.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: பன்னிரண்டாம் வகுப்பின் கட்டுரைப் பழக்கம். குறிப்புச்சட்டகம், முன்னுரை, அடிக்கோடிட்ட துணைத்தலைப்புகள், இடையிடையே மேற்கோள், முடிவுரை. இது சோம்பலால் வந்த பழக்கம் அன்று. இப்படி எழுதினால் மதிப்பெண் வரும் என்று ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அவர்களும் சரியாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். கல்லூரி எழுத்துக்கு வேறொன்று வேண்டும் என்றால் அந்த வேறொன்று எது என்பதை முதல் வாரமே எழுதிக் கையில் கொடுப்பது ஆசிரியரின் பொறுப்பு. இலக்குகளைக் கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக்குழுவுக்குக் காட்டும் கோப்புக்குள் வைத்துக்கொண்டு மாணவருக்குக் காட்டாமல் இருப்பது அநியாயம்.

இலக்குகளை மாற்றி எழுதுவது

தமிழ்நாட்டுப் பாடத்திட்டங்களில் கற்றல் விளைவுகளுக்குப் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை குறியிடுவார்கள். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்ற ஆறு படிகள் அவை. 1956-ல் அமெரிக்கக் கல்வியியலாளர் புளூமும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்து, 2001-ல் திருத்தம் பெற்ற வரிசை. குறி போடுவது எளிது. கட்டுரை எழுதுவது கே6 என்று போட்டுவிட்டு, தேர்வில் “கட்டுரையின் உறுப்புகள் யாவை?” என்று கேட்டால் அது கே1-தான்.

எழுத்துக்கென்றே வகுக்கப்பட்ட இலக்குகளைத் தேடினால், அமெரிக்க எழுத்துப் பயிற்சித் திட்ட நிர்வாகிகள் அவை 2000-ல் வெளியிட்டு, 2008-லும் 2014-லும் திருத்திய அறிக்கை உதவும். 2014 வடிவில் நான்கு பிரிவுகள்: வாசகர், நோக்கம், சூழல் அறிந்து எழுதுதல்; ஆராய்ந்து படித்தலும் எழுதுதலும்; வரைவு, திருத்தம் என்னும் செயல்முறை; எழுத்து மரபுகள். 2008-ல் மின்னணுச் சூழலில் எழுதுவதற்கென்று தனியாக ஐந்தாவது பிரிவு ஒன்று இருந்தது. 2014-ல் அதை மற்ற நான்கோடு கலந்துவிட்டார்கள். மாணவர் எதைச் செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த அறிக்கை சொல்கிறது. எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பதை அந்தந்த நிறுவனமே முடிவு செய்ய வேண்டும் என்று விட்டுவிடுகிறது. அதனால்தான் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதைப் பயன்படுத்த முடிகிறது.

அப்படியே எடுத்துப் போட்டால் ஒன்று விடுபடும். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையே நமக்கு இருக்கிற தூரம் அந்த அறிக்கையின் கணக்கில் இல்லை. அதையும் சேர்த்து எழுதினால் ஐந்து இலக்குகள் இப்படி வரும். பருவத்தின் முடிவில் மாணவர் ஒரே செய்தியை இரண்டு வேறு வாசகர்களுக்கு எழுதி, எதை ஏன் மாற்றினார் என்று காட்டுவார். ஒரு கேள்வியை எழுப்பி, தன் நிலைப்பாட்டைக் குறைந்தது மூன்று சான்றுகளால் நிறுவி, ஓர் எதிர்வாதத்துக்குப் பதில் சொல்வார். கண்டது, கேட்டது, படித்தது ஆகியவற்றைப் பிரித்து எழுதி, ஒவ்வொரு எண்ணையும் ஆண்டையும் ஒன்றையொன்று சாராத இரண்டு மூலங்களில் சரிபார்ப்பார். முதல் வரைவுக்கும் இரண்டாவதற்கும் இடையே பத்தி அளவில் மாற்றம் செய்வார். எழுத்து வழக்கில் எழுதி, பிறர் பேச்சை அவர் பேச்சாகவே மேற்கோளில் தருவார்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். காட்டுவார், நிறுவுவார், பிரித்து எழுதுவார், சரிபார்ப்பார். அறிவார், உணர்வார், போற்றுவார் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்றும் நல்ல சொற்கள்தான். ஆனால் தாளில் அவற்றைப் பார்க்க முடியாது.

ஒரு கட்டுரை, இரண்டு வரைவு

பருவம் முழுக்க ஒரே பொருள், ஆனால் பல வேலைகள். பொருள்: மாவட்டத்தின் நீர்ப்பாசனம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெற்பருவங்களும் பெரும்பாலான மாணவர்களின் வீட்டுப் பேச்சில் இருப்பவை. கடற்கரை மாணவர்களுக்கு இதே அளவு தெரிந்த வேறொரு பொருள் இருக்கும்; அவர்கள் மீன்பிடித் துறைமுகத்தையோ கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவையோ எடுத்துக்கொள்ளலாம். தெரிந்த பொருளாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தெரியாத பொருளைக் கொடுத்தால் இணையத்திலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு எடுத்தாய் என்று குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

முதல் இரண்டு வாரம் வகுப்பிலேயே அரைமணி நேரம் எழுத வைத்து அவரவர் நிலையைப் பார்ப்பது. அடுத்த இரண்டு வாரம் ஆயிரம் சொல் கட்டுரை ஒன்றை 120 சொல்லில் சுருக்குவது. ஐந்தாம் வாரம் பொருளிலிருந்து கேள்விக்கு வருவது. முதல் வரைவு எட்டாம் வாரம், 600 சொல், வகுப்பில் கையால். இதுவரை பெரிய சிக்கல் எழாது. சிக்கல் முதல் வரைவில் தொடங்கும். கால்வாய்த் தண்ணீரைச் சுமந்து செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொண்ட ஒருவரின் முதல் பத்தி இது. ஒருவர் எழுதியது என்றாலும் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள்:

“நீரின்றி அமையாது உலகு என்பது வள்ளுவர் வாக்கு. முக்கடலும் சங்கமிக்கும் குமரி மாவட்டம் இயற்கை எழில் கொஞ்சும் மாவட்டமாகும். இங்கு அமைந்துள்ள மாத்தூர் தொட்டிப்பாலம் ஆசியாவிலேயே மிக உயரமான, மிக நீளமான தொட்டிப்பாலமாகும். இது ஒரு கிலோமீட்டர் நீளமும் 115 அடி உயரமும் கொண்டது. 1966-ஆம் ஆண்டு அப்போதைய முதலமைச்சர் காமராசர் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. இப்பாலத்தைப் பாதுகாப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.”

எழுத்துப்பிழை இல்லை. பள்ளியில் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். ஐந்து இலக்குகளை வைத்துப் பார்த்தால், யாருக்கு எழுதப்பட்டது என்று தெரியவில்லை, கேள்வி இல்லை, சான்று சரிபார்க்கப்படவில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பாமல் கீழே மூன்று கேள்விகள் மட்டும் எழுத வேண்டும். ஒரு கிலோமீட்டர் என்பது எங்கிருந்து வந்தது? 1966-ல் முதலமைச்சர் யார்? பாலத்தை எதிலிருந்து பாதுகாக்க வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு விடை ஐந்து நிமிடத்தில் கிடைக்கும். காமராசர் 1963 அக்டோபரில் முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். 1966-ல் இருந்தவர் பக்தவத்சலம். காமராசர் ஆட்சிக் காலத் திட்டம் என்ற செய்தியும் 1966 என்ற ஆண்டும் தனித்தனியாக வந்து, மாணவர் கையில் ஒட்டிக்கொண்டு ஒரு பொய் வாக்கியமாகிவிட்டன. இணையத்தில் இரண்டு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கும்போது இப்படித்தான் ஆகும். இரண்டு உண்மைகள் சேர்ந்து ஒரு பிழையைத் தரும் என்பதை மாணவர் இந்த ஒரு வாக்கியத்தில் கற்றுக்கொண்டால் அது பருவம் முழுக்க உதவும்.

முதல் கேள்வி இன்னும் வளமானது. ஒரு கிலோமீட்டர் என்று பல பக்கங்கள் சொல்கின்றன; ஏறத்தாழ 1,200 அடி என்று சொல்லும் பக்கங்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே இரண்டரை மடங்குக்கு மேல் வேறுபாடு. பத்துப் பக்கம் ஒரே எண்ணைச் சொன்னால் அது பத்து மூலம் ஆகாது. வாக்கியமும் அப்படியே இருந்தால் அது ஒரே மூலம்தான். இங்கே மாணவரைக் கூகுளுக்குத் திருப்பி அனுப்பாமல் பாலத்துக்கு அனுப்ப வேண்டும். பாலத்துக்கு 28 தூண்கள். அப்படியென்றால் 29 இடைவெளி. ஒரு கிலோமீட்டர் 3,281 அடி. 29 ஆல் வகுத்தால் ஓர் இடைவெளி 113 அடி வர வேண்டும். தூணின் உயரம் 115 அடி என்று அவரே எழுதியிருக்கிறார். உயரமும் இடைவெளியும் சமமாகவா இருக்கின்றன? படியிறங்கிக் கீழே போய், கரையில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே டேப் பிடித்தால் 40 அடிக்குப் பக்கத்தில் வரும். 29 × 40 = 1,160 அடி, அதாவது 354 மீட்டர். இரு முனைகளிலும் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் நானூறு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதில் மாணவர் செய்திருப்பது என்ன? படித்த எண்ணைச் சந்தேகித்தார், எண்ணிப் பார்த்தார், அளந்தார், கணக்குப் போட்டார், முடிவை வாசகருக்கு வழியோடு சொன்னார். மூன்றாவது இலக்கு முழுதாகப் பக்கத்தில் வந்துவிட்டது. “ஆசியாவிலேயே” என்பதை எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்வியும் உடனே எழும். சரிபார்க்க முடியாததை விட்டுவிடலாம், அல்லது “என்று சொல்லப்படுகிறது” என்று யார் சொல்வதையும் சேர்த்து எழுதலாம். பெரும்பாலும் விட்டுவிடுவதே நல்லது. அந்த அடைமொழி இல்லாமலும் பாலம் உயரமாகத்தான் நிற்கிறது.

மூன்றாவது கேள்விதான் கட்டுரையைத் தலைகீழாகப் புரட்டும். எதிலிருந்து பாதுகாக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினால், இந்தப் பாலம் எதற்காக நிற்கிறது என்ற இடத்துக்கு மாணவர் வந்துதான் ஆக வேண்டும். பட்டணங்கால்வாயின் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குக் கொண்டுபோய், கல்குளம், விளவங்கோடு பகுதி வயல்களுக்குச் சேர்க்கிறது. அந்தத் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிறதா? இது கேள்வி. இதற்கு விடை தேடிப் போகும்போது வயலில் நிற்கும் பெரியவர் ஒருவரிடம், “பாட்டா, தண்ணி இப்போ எங்கவரைக்கும் வரும்?” என்று கேட்கிறார். “முன்ன கடைசி வயலு வரைக்கும் எத்தும் மக்களே. இப்போ பாதிக்கு மேல எத்தாது” என்று பதில் வருகிறது. மாணவர் குறிப்பேட்டில் இதை “முன்பு கடைமடை வரை நீர் பாய்ந்தது, தற்போது பாய்வதில்லை என விவசாயிகள் வேதனை தெரிவித்தனர்” என்று செய்தித்தாள் நடையில் மாற்றி எழுதிவிடுவார். ஐந்தாவது இலக்குக்கு வேலை இங்கேதான். அவர் சொன்ன வாக்கியம் அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். பேசியவர் ஒருவர் என்றால் “விவசாயிகள்” என்று எழுதக் கூடாது. அவர் முகத்தில் வேதனையைப் பார்க்காமல் வேதனை என்று எழுதக் கூடாது.

அடுத்த தவறு, ஒரே காரணத்தில் நின்றுவிடுவது. கால்வாய் தூர்வாரப்படவில்லை, அதனால் தண்ணீர் வரவில்லை என்று முடித்துவிடுவார்கள். இம்மாவட்டத்தில் நெல்வயல்கள் தென்னையாகவும் வாழையாகவும் ரப்பராகவும் வீட்டுமனையாகவும் மாறியிருப்பதைப் பார்க்காத மாணவர் இல்லை. வயல் குறைந்த இடத்தில் கால்வாயைக் கவனிக்க ஆளும் குறையும். கால்வாய் கெட்டால் மீதமிருக்கிற வயலும் மாறும். எது காரணம், எது விளைவு? இந்த எதிர்க்கேள்விக்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொன்னால் இரண்டாவது இலக்கு வந்துவிடும். இரண்டாம் வரைவின் தொடக்கம் இப்படி ஆகிறது:

“விடுமுறை நாளில் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வருகிறவர்கள் உயரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நடைபாதையை ஒட்டித் தொட்டிக்குள் ஓடும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பாலம் உறுதியாக நிற்கிறது. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் கிளைக் கால்வாய்களில் புல் மண்டிக் கிடக்கிறது. பாலத்தை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கால்வாயைக் கைவிட்டால் பாலம் எதற்கு என்பதே என் கேள்வி.”

வள்ளுவர் போய்விட்டார், முக்கடல் போய்விட்டது, கடமை போய்விட்டது. மாணவர் வந்துவிட்டார்.

அதே செய்தி, மனுவாக

முதல் இலக்குக்கு இதே பொருளை 150 சொல்லில் மனுவாக எழுத வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுப்பதுபோல. மனுவைப் படிப்பவருக்கு நேரம் இல்லை. அவர் அதை நீர்வளத்துறைக்கு அனுப்ப வேண்டும். அதனால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிகளுக்குப் பிறகு முதல் வாக்கியத்திலேயே எந்தக் கால்வாய், எந்த ஊராட்சி, எந்த மதகிலிருந்து எந்த மதகு வரை, என்ன செய்ய வேண்டும் என்பது வந்துவிட வேண்டும். பாலத்தின் நீளத்தைச் சரிபார்த்த கணக்கு கட்டுரையில் முத்தாக இருந்தது. மனுவில் அது தேவையில்லை. அதை வெட்ட மாணவருக்கு மனம் வராது. பாடுபட்டுக் கண்டுபிடித்ததை வெட்ட மனம் வராததும் இயல்பு. மனுவின் பின்புறம் நான்கு வரியில் எதை வெட்டினேன், எதைச் சேர்த்தேன், ஏன் என்று எழுதச் சொல்ல வேண்டும். முதல் இலக்குக்கான மதிப்பெண்ணில் பாதி இந்த நான்கு வரிக்குத்தான். பெரியவர் சொன்ன வாக்கியம் மனுவில் இடம்பெறலாமா என்ற விவாதம் வகுப்பில் தானாகவே எழும். அதற்கு ஒரே விடை இல்லை, காரணம் சொன்னால் போதும்.

எங்கே பிசகும்

பக்கத்து மாணவரின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்லச் சொன்னால் “நல்லாருக்கு” என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நண்பனைக் குறை சொல்லும் கூச்சம் ஒரு காரணம். என்ன பார்ப்பது என்று தெரியாதது இன்னொன்று. கருத்துக் கேட்காமல் வேலை கொடுத்தால் இது சரியாகும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதை ஒரே வாக்கியத்தில் எழுது. நீ நம்பாத வாக்கியம் ஒன்றுக்குக் கீழே கோடு போடு. எடுத்துவிட்டாலும் கட்டுரை குலையாத பத்தி ஒன்றைச் சுற்றி வட்டமிடு. இந்த மூன்றில் நல்லாருக்கு என்று எழுத இடமே இல்லை. எழுதியவர் நினைத்த மையக் கருத்தும் படித்தவர் எழுதிய வாக்கியமும் வேறாக இருந்தால், ஆசிரியர் சொல்லாமலே பிழை எங்கே என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் வரைவு என்றால் அழகான கையெழுத்தில் திரும்ப எழுதுவது என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். “ஃபேர் காப்பி” என்ற சொல்லே அவர்கள் வாயில் வரும். நான்காவது இலக்கு இங்கேதான் செத்துப்போகிறது. இதற்குக் கத்தரிக்கோல் நல்ல மருந்து. முதல் வரைவை ஒரு பக்கம் மட்டும் எழுதச் சொல்லி, அதன் நகலைப் பத்தி பத்தியாக வெட்டி, மேசையில் வேறு வரிசையில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது பத்தி முதலில் வந்தால் என்ன ஆகிறது என்று கையால் நகர்த்திப் பார்க்கும்போதுதான் கட்டுரைக்கு வரிசை என்று ஒன்று உண்டு என்பது பிடிபடும். இரண்டு வரைவையும் சேர்த்துக் குத்தித்தான் வாங்க வேண்டும். கூடவே 80 சொல்லில் ஒரு திருத்தக் குறிப்பு: எந்த மூன்று மாற்றங்கள், ஏன். எழுத்துப்பிழை திருத்தியதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒற்றுப்பிழைகளை ஒரே மூச்சில் ஒழிக்க நினைப்பது ஆசிரியரின் தவறு. பக்கம் முழுக்கச் சிவப்பாக வரும் தாளை மாணவர் மடித்து வைத்துவிடுவார். ஒரு பருவத்துக்கு நான்கு விதி போதும். இரண்டாம் வேற்றுமை ஐ உருபுக்குப் பின் மிகும்: கால்வாயைத் தூர்வார. நான்காம் வேற்றுமை கு உருபுக்குப் பின் மிகும்: வயலுக்குத் தண்ணீர். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும்: அந்தக் கால்வாய். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: ஓடிய கால்வாய். நான்காவது விதி முக்கியம். மிகும் இடங்களை மட்டும் கற்றவர்கள் எல்லா இடத்திலும் ஒற்றுப் போட்டு “ஓடியக் கால்வாய்” என்று எழுதத் தொடங்குவார்கள். பிழையை ஆசிரியர் திருத்தாமல், பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும். எது பிழை என்று தேடிக் கண்டுபிடிப்பது மாணவர் வேலை. கவனக்குறைவால் வந்தவற்றை அவரே பிடித்துவிடுவார். பிடிக்க முடியாமல் மீதி இருப்பதுதான் வகுப்பில் கற்பிக்க வேண்டியது.

கணினியில் தட்டச்சு செய்து வாங்கினால் யூனிகோடில் மட்டும் வாங்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் வந்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்; கடைசி நாளில் இது தெரியவந்தால் யாருக்கும் நேரம் இருக்காது. செல்பேசியில் பேசித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும்: ர, ற, ல, ள, ழ எழுத்துகளைச் செயலி தன் விருப்பத்துக்குப் போடும். ஒருமுறை திரும்பப் படிக்காமல் அனுப்பக் கூடாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டு வாங்கிய கட்டுரைகள் வரும். கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மாணவரைக் குற்றவாளியாக்குவது வேண்டாம், அவை தவறும். மேலே சொன்ன முறையில் அளந்த தாள், குறிப்பேடு, வகுப்பில் கையால் எழுதிய முதல் வரைவு, திருத்தக் குறிப்பு எல்லாம் சேர்ந்துதான் மதிப்பெண். இரண்டு தூணுக்கு நடுவே டேப் பிடித்தது செயலிக்குத் தெரியாது. ஐயம் வந்தால் மூன்று நிமிடம் எதிரே உட்கார வைத்து, இந்தப் பத்தியை ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால் போதும்.

மதிப்பெண்ணும் அடைவும்

இலக்கு ஒன்றுக்கு 4 வீதம் 20 மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை என்னென்ன என்று எழுதி முதல் வாரமே கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது இலக்குக்கு மட்டும் இங்கே பார்ப்போம். எண்களுக்கு மூலமே இல்லையென்றால் 0. ஒரு மூலம் மட்டும் சொன்னால் 1. இரண்டு மூலம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றது எடுத்தது என்றால் 2. ஒன்றையொன்று சாராத இரண்டு மூலம் என்றால் 3. இரண்டும் முரண்பட்டபோது அந்த முரண்பாட்டை வாசகருக்குச் சொல்லி, தான் எதை ஏன் ஏற்றேன் என்று எழுதினால் 4. “நன்று, மிக நன்று” என்ற அளவுகோலில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே தாளுக்கு வேறு வேறு மதிப்பெண் போடுவார்கள். இந்த அளவுகோலில் ஒரு எண்ணுக்கு மேல் வேறுபடுவது அரிது. வேறுபட்டால் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும் என்று பொருள். தொடங்கும் முன் ஐந்து தாள்களை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

நேரக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுபது பேர்; முதல் வரைவுக்கு ஆளுக்கு 6 நிமிடம் என்றால் 6 மணி நேரம்; இரண்டாம் வரைவுக்கு 8 நிமிடம் என்றால் 8 மணி நேரம். பருவத்துக்கு 14 மணி நேரம். மூன்று வகுப்பு எடுக்கிறவருக்கு இது 42 ஆகும். முடியாது என்றால் மனுவை மட்டும் இருவர் இருவராக எழுத வைக்கலாம், முதல் வரைவில் ஒரே ஒரு கேள்வி எழுதலாம். இரண்டாம் வரைவைக் கைவிடக் கூடாது. அது இல்லையென்றால் நான்காவது இலக்கைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட வேண்டியதுதான்.

எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்ற அடைவுக் கணக்கு எடுக்கும்போது பல துறைகளில் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிவார்கள். 60 விழுக்காடு எடுத்தால் அடைந்தார் என்று கல்லூரி வரம்பு வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு மாணவர் 4, 4, 0, 2, 4 எடுத்தால் மொத்தம் 14, எழுபது விழுக்காடு, அடைந்தார் என்று பதிவாகும். மூன்றாவது இலக்கில் அவர் சுழியம் என்பது எந்த அட்டவணையிலும் தெரியாது. இலக்குக்கு ஒரு நெடுவரிசை வீதம் எக்செல் தாளில் ஐந்து நெடுவரிசைகள் போட்டால் அறுபது பேரில் எத்தனை பேர் எந்த இலக்கில் 2-க்குக் கீழே என்று ஒரே பார்வையில் தெரியும்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் தாழ்ந்து நிற்பது மூன்றாவதும் நான்காவதும்தான். காரணம் மாணவரின் திறமைக் குறைவு அன்று. சரிபார்ப்புக்கு ஏழாம் வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்துவிட்டு எட்டாம் வாரமே வரைவு கேட்டால் பாலத்துக்குப் போய்வர நாள் ஏது? அடுத்த பருவத்தில் சரிபார்ப்பு நான்காம் வாரத்துக்கு வர வேண்டும். சுருக்கி எழுதும் பயிற்சியில் ஒரு வாரத்தை அதற்குக் கொடுத்துவிடலாம். தாவரவியல், வணிகவியல் ஆசிரியர்களிடமும் இந்த 0 முதல் 4 வரையான வரிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, அவர்கள் வாங்கும் களப்பணி அறிக்கைக்கும் புராஜெக்டுக்கும் மூன்றாவது இலக்கை மட்டும் அதே அளவில் மதிப்பிடச் சொல்ல வேண்டும். தமிழ் வகுப்பில் டேப் பிடித்து அளந்த மாணவர் தாவரவியல் அறிக்கையில் இணையத்திலிருந்து எடுத்த எண்ணை அப்படியே எழுதுகிறாரா என்பது அப்போதுதான் தெரியவரும்.